மூடி இல்லாத வேலிக்கம்பம்

மார்ச் 9

தொலைநோக்கி மாட்டியிருந்த அக்காவுக்கு,

இன்று காலை வேலியோரம் நின்றபோது உங்கள் பையிலிருந்து இந்தத் துணி விழுந்தது. கண்ணாடி துடைக்கும் துணி. ஓரத்தில் ஒரு கண்ணாடிக்கடையின் முத்திரை இருப்பதால் உங்களைக் கண்ணாடிக்கடை அக்கா என்று வைத்துக்கொண்டேன். துணியை வேலியில் கட்டிவிடுகிறேன். கடிதம் அதற்குள் இருக்கும்.

ஒன்றே ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கொக்கைப் பார்த்தீர்கள். கொக்கு தினமும் வரும். அதே நேரத்தில் உங்களுக்கு இடப்பக்கம், லாரிகள் கொட்டிவிட்டுப் போன செங்கல் குவியலுக்குக் கீழே, ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவி நடந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. கத்தாமல் இருந்தால் அவை கல் மாதிரிதான் தெரியும். இருந்தாலும் இத்தனை பேர், இத்தனை தொலைநோக்கி.

நான் இந்தக் கம்பெனி இடத்துக் காவலாளியின் மகள். வேலிக்குள் இருக்கும் ஒற்றை அறையில் நானும் அப்பாவும் இருக்கிறோம். பறவை பார்க்க வரும் உங்கள் குழுவிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வேலை போனால் அறையும் போகும். ஆகவே என்னைப் பார்த்தால் கையசைக்க வேண்டாம்.

ஞாயிறு நடை முடிந்ததும் நீங்கள் சிறுபாலத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று என்று அன்றைக்குப் பார்த்ததைச் சொல்கிறீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. பம்ப் அறைக்குப் பின்னால் நின்றால் எல்லாம் கேட்கும். என் முறை வந்தால் என்ன சொல்வேன் என்று நானும் யோசித்து வைப்பேன்.

பதில் வேண்டாம். பம்ப் அறையிலிருந்து மூன்றாவது கம்பம் வெறும் இரும்புக் குழாய், அதற்கு மேல்மூடி இல்லை, கேமராவிலும் படாது. பதில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இடம் இருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவள்


மார்ச் 16

வேலிக்குள் இருக்கும் தங்கச்சிக்கு,

பதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விலாசம் கொடுத்த முதல் ஆள் நீதான்.

இன்று திரும்பிப் பார்த்தேன். இருந்தன. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிறவள் நான். என் கண் லட்சணம் இது.

சிறுபாலத்தில் என் முறை வந்தபோது ஆள்காட்டி ஜோடியைத்தான் சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். உன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நான் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இந்தச் சதுப்பை நிரப்பிக் கிடங்கு கட்டக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிடும் போலிருக்கிறது. இங்கே எந்தப் பறவையும் முட்டையிடுவதில்லை, வெறும் புல்லும் குப்பையும்தான் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் விசாரணை. எங்கள் தலைவர், மருந்துக்கடைக்காரர், பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார். மனுஷன் இருமல் மருந்து கொடுக்கும்போதே முன்னுரை சொல்லித்தான் கொடுப்பார். ஆனால் வேலிக்கு வெளியே இருந்து எங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

அந்த ஜோடி முட்டையிட்டால் எனக்குச் சொல்வாயா? வேறு எதுவும் வேண்டாம்.

கண்ணாடிக்காரி


மார்ச் 18

அக்காவுக்கு,

இன்னும் முட்டையிடவில்லை. ஆண் குருவி நெஞ்சைத் தரையில் அழுத்திச் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கிறது. பெண் குருவி வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பிடிக்கவில்லை போலிருக்கிறது. வேறு இடத்தில் மறுபடி பறிக்கிறது.

அப்பா சுற்றுக்குப் போயிருக்கும்போது எழுதுகிறேன். ஒவ்வொரு மூலையிலும் விசில் அடிப்பார். தூரத்து மூலையில் விசில் கேட்டால் எழுதுவேன். பம்ப் அறைப் பக்கம் கேட்டால் தாளைத் தலையணை உறைக்குள் வைத்துவிடுவேன். நாளைக் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது குழாயில் போடுவேன்.

அம்மா வேறு ஊரில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அப்பாவின் போனில் பேசுவாள். பாதிப் பேச்சில் அந்த அம்மாள் கூப்பிடுவது எனக்கே கேட்கும். உடனே "வச்சிடறேன் கண்ணு" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு யாரும் வீடுவரை வருவதில்லை. கேட்டைத் தாண்டி வெளியாள் வரக் கூடாது என்று போர்டு இருக்கிறதே. ஒரு பெண் மட்டும் ஒரு நாள் போர்டுவரை வந்தாள். படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததே இல்லை. ஆனால் வீட்டில் ஒரு கதவு இருக்கிற மாதிரி இருக்கிறார். சாப்பிட்டியா என்பார். விளக்கை அணை என்பார். இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பறவைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உள்ளே இருப்பவள்


மார்ச் 30

தங்கச்சிக்கு,

போன ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டதால் வர முடியவில்லை. நடுவில் நல்ல மழை. உன் கடிதம் கூழாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கையை விட்டேன். மொடமொடவென்று காய்ந்து வந்தது. ரொட்டிக் கவரில் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டிய வளையம் போட்டு, என்ன ஒரு கட்டுக்கோப்பு. அந்த வளையத்தில்தான் இப்போது என் முடி நிற்கிறது. ரப்பர் பேண்டு இழுத்த இழுப்புக்கு அறுந்துபோகும், இது அசையவில்லை.

காய்ச்சலில் இருந்தபோது உன் அம்மா மாதிரி ஒருவர் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கடைக்கு மேலேயே ஒரு அறையில் இருக்கிறேன். கீழே ஷட்டரை இழுத்துவிட்டால் அப்புறம் கட்டடத்தில் நான் மட்டும்தான். என் அம்மா போன் செய்தாள். காய்ச்சல் என்றேன். "கல்யாணம் பண்ணியிருந்தா கஞ்சி வச்சுக் கொடுக்க ஆள் இருந்திருக்கும்" என்றாள். யார் யாருக்குக் கஞ்சி வைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு நடைக்கு நான்கே பேர். முன்பெல்லாம் சிறுபாலத்தில் இடம் பிடிக்கத் துண்டு போட்டு வைப்பார்கள். தலைவர் நான்கு பேரையும் பார்த்து "பெருந்திரளாக வந்திருக்கும்" என்று ஆரம்பித்தார்.

முட்டை?

கண்ணாடிக்காரி


மார்ச் 31

அக்கா,

நான் சுற்றவில்லை. தாளை அப்படியே மடித்துத்தான் போட்டேன். உங்கள் கடிதமும் ரொட்டிக் கவருக்குள், கறுப்பு வளையத்தோடு இருந்தது. நீங்கள்தான் கட்டினீர்கள் என்று நினைத்தேன்.

யாரோ எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். லாரி டிரைவர்கள் பம்ப் அறைக்குப் பின்னால்தான் ஒதுங்குவார்கள். மேனேஜரின் டிரைவரும் அங்கே நின்று சிகரெட் பிடிப்பான். அப்பாவுக்குத் தெரியாமல் நான் இப்படிச் செய்ததால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, சைக்கிளில் வந்து இதைப் போடுகிறேன். ஞாயிறுவரை நீ பயந்துகொண்டே இருக்க வேண்டாம் என்றுதான்.

நானும் கட்டவில்லை. முட்டைச் சேதி இருக்குமோ என்று நேற்று சாயங்காலம் வந்து பார்த்தபோதுதான் உன் கடிதம் கிடைத்தது, எனக்கும் பயம்தான். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கெடுக்க நினைக்கிறவன் தாளை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போவான். நனையக் கூடாதே என்று கவர் தேடி, டியூப் வெட்டி, சுற்றித் திரும்ப வைப்பானா? யாராக இருந்தாலும் நம் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

இருந்தாலும் உன் இஷ்டம். ஒவ்வொரு ஞாயிறும் குழாயில் கையை விட்டுப் பார்ப்பேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் வந்தார், மணல் லோடு பார்த்தார், போனார். அதனால் எழுதுகிறேன்.

முட்டையிட்டுவிட்டது. நான்கு. செங்கல் குவியலுக்கும் எங்கள் அறைக்கும் நடுவில், வெறும் தரையில், கூடு என்று எதுவும் இல்லாமல். கல்லுக்கு நடுவில் கல் மாதிரி. முதல் தடவை பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினேன், காணாமல் போய்விட்டது. மறுபடி கண்டுபிடிக்க எவ்வளவோ நேரம் ஆனது.

மதியத்தில் அது அடைகாப்பதில்லை அக்கா, நிழல் கொடுக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கசிகிற இடத்துக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நிற்கிறது. இறகிலிருந்து சொட்டுகிறது. ஒன்று போனால் இன்னொன்று நிற்கிறது. தொட்டிக் கசிவை அடைக்கச் சொல்லி மேனேஜர் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். அப்பா இன்னும் அடைக்கவில்லை. சாமான் இல்லை என்கிறார்.

போன வாரம் ஒரு அதிசயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடத்துனாங்க?" என்று கேட்டார். எனக்குப் புரையேறிவிட்டது. வட்டத்தின் பரப்பளவு என்றேன். "ம்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் மறுநாளும் கேட்டார்.

இப்போதெல்லாம் அவர் ஒரு சுற்று முடிக்க முன்பைவிட நேரம் எடுக்கிறார். முழங்கால் வலியாக இருக்கும். எனக்கு எழுத வசதியாக இருக்கிறது. அப்படி நினைப்பது பாவமா?

உள்ளே இருப்பவள்


ஏப்ரல் 7

தங்கச்சிக்கு,

நேற்றிரவே படித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. நேராகக் கேட்டுவிடுகிறேன். அந்த முட்டைகளை ஒரு படம் எடுக்க முடியுமா? தாய்ப்பறவையும் முட்டையும் ஒரே படத்தில். அது ஒன்று இருந்தால் போதும், கம்பெனியின் அறிக்கை பொய் என்று ஆகிவிடும். விசாரணை பதினைந்தாம் தேதி.

உன்னிடம் போன் இல்லை, அப்பாவின் போனும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். முடிந்தால் மட்டும். என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அனுப்பிவிட்டு அழித்துவிடு. எங்கிருந்து எடுத்தது, யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 8

அக்கா,

முடியாது. வேலிக்கு உள்ளே இருந்து எடுத்த படம் என்றால் வேலிக்கு உள்ளே இருப்பது யார்? இரண்டே பேர். இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டாம்.

உங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வீடு.


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

சரி. எடுக்க வேண்டாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாயே, அது சுருக்கென்றது. எட்டு வருடமாக இந்த வேலியோரம் நடக்கிறேன். இந்தச் சதுப்பு போனால் எனக்குக் கடையும் மேலே அறையும்தான். வாரத்தில் ஒரு நாள்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும் நாள். அனுமதி கிடைத்த மறுநாள் புல்டோசர் உள்ளே வரும். அந்த நான்கு முட்டைகளும் எங்கே இருக்கின்றன என்று அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக நீ பார்த்துக்கொண்டிருப்பாய்.

இதை எழுதியிருக்கக் கூடாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் இருட்டிவிட்டது. இப்படியே போடுகிறேன்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

இந்நேரம் படம் வந்து சேர்ந்திருக்கும்.

நேற்று மதியம் அப்பா போனைச் சார்ஜில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, வால்வை மூட வேண்டும் என்று போனார். அது காலையிலேயே மூடிய வால்வு. மறந்துவிட்டார் போலிருக்கிறது. போனைப் பூட்டவும் மறந்திருந்தார். முதல் மூன்று படங்களும் கலங்கிவிட்டன. நான் கிட்டப் போனதும் குருவி கத்திக்கொண்டே ஒரு இறகைத் தொங்கவிட்டு நொண்டி நொண்டி நடித்தது. நான் தரையோடு தரையாகப் படுத்துவிட்டேன். கடைசியில் அது திரும்பி வந்து முட்டைமேல் நின்றது. வயிறு ஈரமாக இருந்தது. அதைத்தான் அனுப்பினேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அப்பா வந்து போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என் சட்டை முன்பக்கம் முழுக்க மண். தட்டிவிடு என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உள்ளே இருப்பவள்


ஏப்ரல் 16

தங்கச்சி, தங்கச்சி,

ஜெயித்துவிட்டோம். குஞ்சுகள் போகும்வரை ஒரு கூடை மண்கூட கொட்டக் கூடாது. மழைக்காலம் முடிந்து முழுதாகப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்வரை அனுமதியும் கிடையாது.

தலைவர் ஒரு மணி நேரம் பேசினார், அதிகாரி கொட்டாவி விட்டார். அப்புறம் உன் படத்தை ஆளுயரத்துக்குத் திரையில் போட்டோம். ஈர இறகு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதிகாரி எழுந்து கிட்டே வந்து பார்த்தார். கம்பெனி வக்கீல் தண்ணீர் கேட்டார். உங்கள் மேனேஜர்கூட அசையாமல் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குருவி அவரையும் மயக்கிவிட்டது போலிருக்கிறது.

கொடுப்பதற்கு முன் படத்தின் ஓரத்தை வெட்டலாமா என்று கேட்டேன். வெட்டினால் படத்தை மாற்றினோம் என்பார்கள், முழுசாகவே கொடுங்கள் என்றார் தலைவர். சரி என்று முழுசாகவே கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுபாலத்தில் பேசுவதை உனக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசச் சொல்கிறேன். ஏன் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 21
(வகுப்பு ஆசிரியை மூலமாக)

தங்கச்சிக்கு,

நேற்று வந்தேன். மூன்றாவது கம்பத்துக்குப் புதிதாக மூடி போட்டு வெல்டிங் அடித்திருக்கிறார்கள். பம்ப் அறை வாசலில் வேறு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். முன்பு இருந்தவர் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார்.

உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போய், காவலாளியின் மகள் என்று சொல்லி, உன் டீச்சரிடம் இதைக் கொடுக்கிறேன். என் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

என்ன நடந்தது? திட்டுவதற்காவது எழுது.

கண்ணாடிக்காரி


மே 4

கண்ணாடிக்கடை அக்காவுக்கு,

என்ன நடந்தது என்றால், படத்தில் குருவிக்குப் பின்னால் எங்கள் கொடிக்கயிறு இருந்தது. கயிற்றில் என் சீருடைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கட்டம் போட்ட துணியைப் போட்டுக்கொண்டுதான் நான் தினமும் மேனேஜரின் காரைத் தாண்டி நடந்துபோனேன்.

அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். எல்லோரும் முட்டையைப் பார்த்தீர்கள். மேனேஜர் என் பாவாடையைப் பார்த்தார். நீங்கள் கொக்கைப் பார்த்துக்கொண்டு ஆள்காட்டியை விட்ட மாதிரியேதான்.

பதினாறாம் தேதி சாயங்காலம் மேனேஜர் படத்தின் நகலோடு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "இது உன் பொண்ணு துணிதானே?" என்று கேட்டார். அப்பா தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "ஆமா சார். துவைச்சுப் போட்டதும் நான்தான், படம் எடுத்ததும் நான்தான்" என்றார்.

நான் வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் சாமானை எடுக்கச் சொன்னார்கள். அப்பா கிளம்பும் முன் தொட்டிப் பக்கம் போய்விட்டு வந்தார். வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு வணிக வளாகத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு அப்பா காவல். அதற்குக் கீழே, லிப்ட் எந்திர அறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு அறை. ஜன்னல் இல்லை. காலையா மாலையா என்று லிப்ட் ஏறி இறங்குகிற சத்தத்தை வைத்துத்தான் தெரியும். இங்கே அப்பா விசில் அடிப்பதில்லை. யாருக்கும் தொந்தரவாகக் கூடாதாம்.

பள்ளியில் சான்றிதழ் வாங்கப் போனபோது டீச்சர் உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அவர் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு உங்கள்மேல் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வேலியும் இல்லாததால் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.


மே 11

தங்கச்சிக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. படத்தை வீட்டில் வைத்துப் பல தடவை பெரிதாக்கிப் பார்த்தவள் நான். பின்னால் நிறம் நிறமாக ஏதோ இருந்தது. குருவி இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்று நினைத்தேன். பொறுப்பு என்று எழுதிய கையால் அதை அழகு என்று நினைத்தேன்.

உன் அப்பாவுக்கு வேலை தேடித் தருகிறேன் என்று எழுதலாம். தலைவரிடம் கேட்டேன், இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், ஜன்னல் உள்ள அறையோடு வேலை யாரிடமும் இல்லை. கேட்பதை நிறுத்தப் போவதில்லை.

குஞ்சு பொரித்துவிட்டது. நான்கும். பொரித்த உடனே எழுந்து நடந்துவிட்டன, காலுக்கு மேல் ஒரு பஞ்சு உருண்டை. புதுக் காவலாளி தொட்டிக் கசிவை அடைத்துவிட்டார். ஆனால் யாரோ அதற்கு முன்பே தொட்டிக்குக் கீழே ஒரு பழைய இரும்புச் சட்டியைத் தரையோடு தரையாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அதில் நிற்கிறது. குஞ்சுகள் அதில்தான் குடிக்கின்றன. உன் வேலையா?

ஜெயித்த பிறகு நடைக்கு யாரும் வருவதில்லை. அதுதான் முடிந்துவிட்டதே என்கிறார்கள். தலைவருக்கு மகள் வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான். இன்று நான் மட்டும் சிறுபாலத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் அடுத்த ஆளைப் பார்க்கிற பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன்.

எழுத வேண்டாம் என்றால் எழுதாதே. குழாயில் கை விடுகிற மாதிரி தபால்பெட்டியில் விட்டுப் பார்ப்பேன்.

கண்ணாடிக்காரி


மே 25

அக்காவுக்கு,

சட்டி என் வேலை இல்லை. அது எங்கள் வீட்டுச் சட்டிதான். அடியில் ஓட்டை என்று அம்மா வீசச் சொன்னது. அந்த ஓட்டையை அப்பா தாரால் அடைத்து வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

நேற்று ஒன்று பார்த்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கடைக்குப் போய்விட்டு வந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்து பழைய சைக்கிள் டியூபை பிளேடால் வளையம் வளையமாக வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரொட்டிக் கவர்கள், ஒவ்வொன்றையும் துடைத்து நீவி அடுக்கியிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. லிப்ட் இரண்டு தடவை போய் வந்தது.

"நீங்கதானா?" என்றேன்.

"மழை வந்துச்சில்ல" என்றார். தலையைத் தூக்கவில்லை.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

ஒரு வளையத்தை வெட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கதவு மாதிரி இருக்கேன்னு எழுதியிருந்தே."

அவரே தொடர்ந்தார். "தப்பில்ல. எனக்குப் பேச வராது. உனக்கு எழுதவாவது ஒரு ஆள் கெடைச்சாங்களேன்னு இருந்துச்சு. அதான் மெதுவா சுத்துனேன்."

அவ்வளவுதான் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து கவர்களை நீவிக் கொடுத்தேன். மூடிய வால்வை மூடப் போனதைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதை அவரிடமே இருக்க விட்டுவிட்டேன்.

உங்கள்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அம்மாவிடம் பழைய இடத்தில்தான் இருக்கிறோம் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். போனில் அவள் "குருவிங்க நல்லாருக்கா கண்ணு?" என்று கேட்கும்போது நான் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதினால் அந்த ஒன்றையாவது பொய் இல்லாமல் சொல்வேன். ஆகவே குஞ்சுகளைப் பற்றி எழுதுங்கள்.

இன்று இதை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு கவரும் ஒரு வளையமும் கொண்டுவந்து வைத்தார். தபாலில் போவதற்கு இதெல்லாம் எதற்கு, தபால் நிலையத்தில் சிரிப்பார்கள் என்றேன். "சிரிச்சுட்டுப் போகட்டும். தபால்காரருக்கும் மழை பெய்யும்" என்றார். அதனால் உறைக்குள் இந்தக் கவரும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சிறுபாலத்தில் உங்கள் முறை முடிந்ததும் என் முறை. நான் பார்த்தது இதுதான், என் அப்பா டியூப் வெட்டியது. யாரும் இல்லாவிட்டாலும் சத்தமாகச் சொல்லுங்கள். பம்ப் அறைவரை கேட்க வேண்டும்.

வளையத்தை எறிந்துவிடாதீர்கள். முடி கட்ட ஆகும்.